ஈலியலை எந்தப் பாஷை?

— எலியும் இல்ல, ஆலையும் இல்லீங்க கிளாக்கர் ஐயா. ஈலியலை. அந்த ஈ-யை நல்லா இழுத்துச் சொல்லணும்.

— எழுத்துக்கூட்டவா ஆயம்மா உங்களைப் பிள்ளை பாக்கிற காம்பராவிலேருந்து ஆபீசுக்குக் கூப்பிட்டு விட்டேன்? இந்தத் தோட்டத்துக்கு வந்து எட்டு வருசமா செக்ரோல் கணக்குப் புத்தகத்துல இந்தப் பேரைத்தானே எழுதுறேன்? 'ஈலியலை, கொழுந்து, பத்துப் பேர்', 'ஈலியலை, புல்லுவெட்டு, ஆறு பேர்'. எழுத்தெல்லாம் எனக்கு அத்துப்படி. நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணு. இது எந்தப் பாஷை?

— அதுங்களா? அதாகப்பட்டது...

— அதாகப்பட்டது வேணாம். ஒரே வார்த்தை. தமிழா, சிங்களமா, இங்கிலீசா?

— மூணும் இல்லீங்க.

— கர்த்தாவே! மீனம்மா, அந்தக் கடுதாசியை இன்னொருக்கா வாசி புள்ள. ஆயம்மாவுக்கு விளங்குற மாதிரி நிறுத்தி வாசி.

— எத்தனை வாட்டிங்க ஐயா வாசிக்கிறது? எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு. 'மஸ்கெலியா, கின்லோவன் தோட்டம், வீரய்யா மகள் மீனம்மாவுக்கு. தங்கள் பிரஜாவுரிமை விண்ணப்பத்தில் பிறந்த இடம் எனக் குறிக்கப்பட்டுள்ள ஈலியலை என்னும் இடம் எமது பட்டியல் எதிலும் காணப்படவில்லை. அப்பெயர் எம்மொழியைச் சேர்ந்தது, எவரால், எக்காலத்தில் இடப்பட்டது என்பதையும், தாங்கள் சிறுவயது முதல் அவ்விடத்தில் வசித்தமைக்கான அத்தாட்சியையும் இம்மாதம் பதினைந்தாம் திகதிக்கு முன் சமர்ப்பிக்கவும். தவறின், விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படும்.' போதுங்களா?

— கேட்டீங்களா ஆயம்மா? இன்னைக்குத் திகதி பன்னெண்டு. தபால் பை ரெண்டரை மணிக்குக் கீழ எறங்கிரும். இப்ப மணி ஒண்ணே முக்கால். இவளுக்குப் பொறந்த சட்டிபிகேட்டும் கிடையாது.

— எப்பிடிங்க இருக்கும்? அன்னைக்கு மருத்துவிச்சி மேல் டிவிசன்ல மாட்டிக்கிட்டா. ஊத்துற மழை, பாலம் முங்கிப்போச்சு. இவ அவசரத்துல பொறந்துட்டா. நாந்தான் கொடி அறுத்தேன். இந்தக் கையால.

— உங்க கையை ஒறையில போட்டுக் கொழும்புக்கு அனுப்ப முடியுமா? அங்க இருக்கிறவன் காகிதத்தைத்தான் நம்புவான். இவ அம்மாவுக்குப் போன மாசமே பிரஜாவுரிமை வந்தாச்சு. இவளுக்குத் தள்ளுபடி ஆனா, அம்மா இங்க, மக தலைமன்னார்ல இந்தியாவுக்குக் கப்பல். விளங்குதா?

— விளங்காம என்னங்க? மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல.

— உங்களுக்குச் சோறு எறங்கல. எனக்கு மூச்சே எறங்கல ஆயம்மா. ஐயா, நான் சொல்றேன் கேளுங்க. நாங்க காம்பராவுல சின்னப் புள்ளைகளா கெடந்தப்ப, இவங்கதான் 'மூட்டத்து மக்கள், மூட்டத்து மக்கள்'னு கதை சொன்னாங்க. அவங்களுக்குன்னு தனியா ஒரு பாஷை இருக்குன்னாங்க. மேட்டுக்கு ஒரு பேரு, பள்ளத்துக்கு ஒரு பேரு, எல்லாம் அந்தப் பாஷையில சொல்லிக் குடுத்தாங்க. நாங்க வளந்து மலைக்குப் போனோம், பேரும் எங்க வாயோட மலைக்கு வந்துருச்சு. அப்புறம் கங்காணி சொன்னாரு, நீங்களும் எழுதுனீங்க. விண்ணப்பப் பாரத்துல 'பிறந்த இடம்'னு கோடு போட்டிருந்துச்சு. வாயில இருந்ததை எழுதிட்டேன். இல்லாத ஊர்ல பொறந்தவளாயிட்டேன்!

— இல்லாத ஊருன்னு சொல்லாத சாமி. ஒங்க அம்மா காலையில கூட அங்கதானே அடுப்பெரிச்சா?

— அடுப்பு எரியிது ஆயம்மா. பட்டியல்ல இல்லையே!

— ரெண்டு பேரும் நிறுத்துங்க. ஆயம்மா, யாரு இந்த மூட்டத்து மக்கள்? சுருக்கமா.

— அதாகப்பட்டது ஐயா, வெள்ளைக்காரத் தொரை இங்க காப்பித் தோட்டம் போடுறதுக்கு முந்தி, நம்ம சனம் மன்னார்ல எறங்கிக் காடு காடா நடந்து வர்றதுக்கு முந்தி, இந்த மலையில ஒரு கூட்டம் இருந்துச்சு. ஆளு ஒசரம் முழங்கால் அளவு. ஒடம்பு பூராவும் பனிமூட்டம். வெயில் ஏறுனா கல்லுக்கடியில போயிருவாங்க, மூட்டம் எறங்குனா வெளியில வருவாங்க. அவங்க பாஷையில க கெடையாது, ச கெடையாது, ட கெடையாது, ப கெடையாது...

— ஏன் கெடையாது?

— ஒதடும் நாக்கும் மூட்டம்தானேங்க? அழுத்திச் சொன்னா கிழிஞ்சிராதா?

— ஆயம்மா, நான் எழுதப்போறது அரசாங்கத்துக்கு. பிள்ளைகளைத் தூங்க வைக்கிறதுக்கு இல்ல!

— ஏன் கெடையாதுன்னு நீங்கதானேங்க கேட்டீங்க?

— கேட்டேன். என் தப்பு. கர்த்தர் மன்னிக்கணும். இத பாருங்க, போன வருசம் புதுத் தொரை வந்தப்பவும் இதே கேள்வியைத்தான் கேட்டார். நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு, 'சிங்களப் பேர் சேர், எலியான்னா வெளிச்சம், நுவரெலியா மாதிரி'ன்னேன். அவர் சிங்கள மனுசன். 'எனக்குத் தெரியாத சிங்களமா மிஸ்டர் ஞானரட்ணம்?'னு ஒரு சிரிப்பு சிரிச்சார் பாருங்க, ஃபாக்டரி டீமேக்கர் முன்னுக்கு. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதுல கெடக்கு. இப்ப தெரியுது, நான் எட்டு வருசமா அரசாங்கப் புத்தகத்துல பேய்ப் பாஷை எழுதியிருக்கேன்.

— பேய் இல்லீங்க ஐயா. மூட்டத்து மக்கள். அவங்க ஒரு புள்ளையைக்கூட பயங்காட்டினதில்ல.

— இவங்க வக்காலத்தைப் பாருங்க! ஐயா, பேசாம 'பிழையாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும்'னு எழுதிருவோமா?

— பிழைன்னு ஒத்துக்கிட்டா, மிச்சமெல்லாம் பிழைம்பான் புள்ள. இருக்கிற பேருக்கு ஒரு வேர் காட்டணும். ஆயம்மா, கையில என்ன, கொப்பியா?

— பாஷையைப் பத்திக் கேக்கிறீங்கன்னு நீங்க அனுப்புன தெரேசா வந்து சொன்னா. அதான் அவகிட்ட காம்பராவை ஒப்படைச்சிட்டு இதையும் எடுத்துக்கிட்டு வந்தேன். எல்லா வார்த்தையும் இதுல இருக்குங்க. ஆனா... மீனம்மா, தெரேசாவுக்கு அந்தத் தொட்டில் புள்ளைகளைச் சமாளிக்கத் தெரியாது. நீ செத்த போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வாயேன் சாமி.

— நான் ஒரு எடமும் போகல. என் காகிதம், நான் இங்கதான் உக்காந்திருப்பேன்.

— அவ இருக்கட்டும். குடுங்க கொப்பியை. 'ஓயில்மேலு.' இது என்ன?

— அதுங்களா, ஓயில்னா மூட்டம் ஓஞ்சு படுக்கிறது. மேலுன்னா மலையோட தோளு. மூட்டம் வந்து தலை சாய்ச்சுப் படுக்கிற எடம்.

— ம். 'அலைலயம்?'

— அலைஞ்சு திரிஞ்சவங்க வந்து சேர்ற வீடு.

— 'அவுவாலு?'

— அது... காத்து தனக்குத் தானே பேசிக்கிற காடுங்க.

— அப்ப ஈலியலை?

— ஈலின்னா தண்ணி ஓடுற சத்தம். தண்ணி இல்லீங்க, மூட்டத்துல தண்ணி எங்க தெரியப்போகுது? சத்தம் மட்டும். அலைன்னா ஒருத்தருக்காக ஒருத்தர் காத்துக்கிட்டு நிக்கிற எடம். ரெண்டையும் சேத்தா, கண்ணுக்குத் தெரியாத தண்ணிக்குப் பக்கத்துல நின்னு...

— நல்லாத்தான் இருக்கு. நல்லா இல்லைன்னு நான் சொல்லல. ஆனா இதைப் படிச்சுப் பாத்துட்டுக் கொழும்புல இருக்கிறவன் என்னையும் சேத்துக் கப்பல்ல ஏத்துவான்.

— ஏத்தட்டும். எனக்கும் பேச்சுத்துணை வேணும்ல. ஐயா, நான் பள்ளிக்கூடத்துல சின்ன வகுப்புக்கு உச்சரிப்புச் சொல்லிக்குடுக்கிறேன். கோயில்ல தேவாரம் பாடுறவ நான். ழ-வைத் தப்பா சொன்னா எட்டூருக்குக் கேக்கிற மாதிரித் திருத்துவேன். என் தலையெழுத்து, க-வும் ப-வும் சொல்ல வராத நாக்குச் செத்த பாஷையில பொறந்த ஊரை எழுதி வச்சிருக்கேன்!

— அப்பிடிச் சொல்லாத.

— நாக்குச் செத்ததுதான் ஆயம்மா. எங்க வகுப்புல ஒரு புள்ள இப்பிடிப் பேசுனா, நான் விடுவேனா?

— அப்பிடிச் சொல்லாதன்னு சொல்றேன்ல!

— ஏன் ஆயம்மா கத்துறீங்க? உங்க மூட்டத்து மக்களுக்குக் காது கேட்டிருமா?

— போதும், போதும். ஆபீசை சந்தைக்கடை ஆக்காதீங்க. ஆயம்மா, ஒரு சந்தேகம். வார்த்தைக்கு வார்த்தை பக்கத்துல திகதி போட்டிருக்கீங்களே? அறுபத்திரெண்டு, தை மாசம் எட்டு. தை ஒம்பது. தை பதினொண்ணு. கதைக்கு எதுக்குத் திகதி?

— அது... ஒழுங்கா இருக்கட்டுமேன்னு.

— இந்த எடத்துல செவப்பு மையில ஒரே ஒரு 'க' எழுதி ரெண்டு கோடு இழுத்திருக்கு.

— மூட்டத்து மக்கள்ல ஒருத்தங்க அன்னைக்குக் க கத்துக்கிட்டாங்க.

— ஆயம்மா!

— அதாகப்பட்டது...

— மணி ரெண்டு அடிக்கப்போகுது ஆயம்மா! நான் ஒரு வரி எழுதியிருக்கேன், கேளுங்க. 'மேற்படி ஈலியலை என்னும் பெயர் தோட்டத்துப் பிள்ளைகளின் வழக்கில் நெடுங்காலமாக இருந்துவரும் பெயராகும்.' நெடுங்காலம்னா எவ்வளவு காலம்? அதுக்கு முந்தி அந்த எடத்துக்கு வேற பேரே இல்லையா? சொல்லுங்க. லயத்து வீட்டு நம்பரா? பேரா?

— நம்பர் ரெண்டு தரம் மாறிப்போச்சுங்க. ஒருக்கா பழைய தொரை மாத்துனாரு, இன்னொருக்கா தோட்டத்தை அரசாங்கம் எடுத்தப்ப. பேருன்னா... இருந்துச்சு. அதைச் சொன்ன பெருசுங்கெல்லாம் இந்தியா போய்ச் சேந்துட்டாங்க.

— அந்தப் பேர்?

— வேணாங்க.

— பேரைச் சொல்றதுல என்ன வேணாம்?

— லயத்துக்குப் பக்கத்துல அப்ப மூங்கில் பீலியில தண்ணி விழும். எல்லாரும் அங்கதான் குளிப்பாங்க. பைப்பு வந்தப்புறம் பீலியைப் புடுங்கிட்டாங்க.

— அதனால?

— அதனால... பீலிக்கரைம்பாங்க.

— பீலிக்கரை. அழகான தமிழ்ப் பேர். இதை வந்ததுமே சொல்லியிருந்தா நான் இவ்வளவு... இருங்க. எழுதிப் பாக்கிறேன். பீலிக்கரை. ஈலியலை. பீலி, ஈலி. கரை... அரை... அலை. ஆயம்மா.

— ஐயா, தபாலுக்கு நேரமாச்சுங்க.

— தபால் கெடக்கட்டும். கோயில் மேட்டுக்கு உங்க பாஷையில என்ன பேர்? ஓயில்மேலு. கோயில், ஓயில். மேடு, மேலு. பழைய லயம், அலைலயம். சவுக்குக்காடு... அவுவாலு! மூட்டம் வந்து படுக்கிற எடமாம், காத்துப் பேசுற காடாம். எல்லாம் நம்ம தமிழ்! க-வையும் ச-வையும் ப-வையும் முழுங்கிட்டு, ர-வும் ட-வும் வராம ல போட்டுச் சொன்ன தமிழ். என் மூத்தவன் தங்கச்சி டோரீனை 'ஓலீன்'னு கூப்பிடுவான், ரெண்டு வயசுல. இது பாஷையே இல்ல. யாரோ ஒரு பிள்ளையோட மழலை!

— மழலையா? ஆயம்மா, அப்ப அந்த ஓயிறது, தோளு, காத்திருக்கிறது எல்லாம்?

— அந்த அருத்தமெல்லாம் நான் பின்னால வச்சதும்மா. வார்த்தை மட்டும் என்னுது இல்ல.

— கர்த்தாவே, இப்பவாவது வாயைத் தெறந்தீங்களே. சொல்லுங்க. அதாகப்பட்டதுன்னு ஆரம்பிச்சாலும் பரவாயில்ல, சொல்லுங்க.

— ஒரு புள்ளைங்க ஐயா. நாலு வயசாகியும் பேச்சுத் திருந்தல. தாய்க்காரி கொழுந்துக்குப் போகும்போது காம்பராவுல விட்டுட்டுப் போவா. பால் வரிசையில நின்னு 'ஆல், ஆல்'னு கேக்கும். மத்த புள்ளைக 'ஊமைக்கோட்டான்'னு சொல்லிக் கடைசியில தள்ளிவிட்டுரும். தள்ளித் தள்ளி, ஒருநாள் அது பேச்சையே விட்டுருச்சு. ஒரு கெழமை, ஏழு நாள். ஒரு சத்தம் இல்ல. அழுதாலும் சத்தம் வராது, கண்ணு மட்டும் ஊத்தும்.

— ஐயோ பாவமே.

— எனக்கு என்ன தெரியும்? படிச்சவளா நானு? மாதா படத்துக்கு முன்னால நின்னு யோசிச்சேன். மறுநாள் காலையில எல்லாத்தையும் உக்கார வச்சு, 'இதை ஊமைப் பேச்சுன்னு நெனைச்சீங்களா? இது மூட்டத்து மக்க பாஷை. இதைத் தெரிஞ்சவங்களுக்குத்தான் மூட்டம் வழிவிடும்'னு ஒரு போடு போட்டேன். அவ்வளவுதாங்க. கேலி பண்ணுன அதே வாயெல்லாம் அதுகிட்டப் போயி, 'மேட்டுக்கு என்னா பேரு, பீலிக்கு என்னா பேரு'ன்னு கெஞ்சுச்சுங்க. அது ராணி மாதிரி என் மடியில உக்காந்துக்கிட்டு ஒவ்வொண்ணுக்கா பேர் வச்சுச்சு. ரெண்டு மாசத்துல காம்பரா பூராவும் அந்தப் பேச்சு. யாரு வாயிலேருந்து வந்துச்சுன்னே மறந்துபோச்சுங்க. அந்தப் புள்ளைக்கும் மறந்துபோச்சு. அடுத்த வருசம் அதுக்குக் க வந்துச்சு, ப வந்துச்சு, எல்லாம் வந்துருச்சு.

— அப்ப இந்தத் திகதி?

— இராயப்பன் டாக்டர் ஐயா எழுதச் சொன்னதுங்க. அப்ப தோட்டத்து ஆஸ்பத்திரியில இருந்தாரு. 'புள்ள அன்னன்னைக்கு என்ன சொல்லுது, எப்பிடிச் சொல்லுதுன்னு எழுதிவை ஜோசப்பின், மாசா மாசம் நான் பாக்கிறேன்'னாரு. ஒவ்வொரு மாசக் கடைசியிலயும் அவர் கையெழுத்து இருக்கும் பாருங்க.

— இருக்கு! ஆயம்மா, இது கதைக் கொப்பி இல்ல. இது அத்தாட்சி. டாக்டர் கையெழுத்துப் போட்ட, திகதி போட்ட அத்தாட்சி. எந்த மொழி? தமிழ். எக்காலம்? அறுபத்திரெண்டு தை. எவரால்? அதுதான் பாக்கி. அந்தப் பிள்ளை யாரு? அது வந்து 'மீனம்மாவும் நானும் சின்னதுலேருந்து ஒண்ணா அந்தக் காம்பராவுல இருந்தோம்'னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். முழுக் கடுதாசிக்கும் பதில் முடிஞ்சுது.

— ஆமா ஆயம்மா, யாரு அது? இந்தியாவுக்குப் போயிட்டாளா? அட்ரஸ் குடுங்க, நான் எழுதுறேன். நாக்குச் செத்ததுன்னு சொன்னதுக்கு மன்னிப்பும் சேத்துக் கேக்கிறேன்.

— போகல சாமி. இங்கதான் இருக்கா.

— இங்கயா? செல்லசாமி அண்ணன் தங்கச்சியா? அதுக்கு இப்பவும் கொஞ்சம் திக்குமே.

— அவ இல்ல.

— மூக்கன் மாமா மகளா?

— அவ அப்ப பொறக்கவே இல்லடி.

— பின்ன யாரு? ஏன் இப்பிடி உசுரை எடுக்கிறீங்க? என்னைக் கப்பலேத்திட்டுத்தான் சொல்லுவீங்களா?

— அந்தப் புள்ளையோட ஆத்தா என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. 'நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவங்க காதுல விழக்கூடாது, என் புள்ளைக்கே தெரியக்கூடாது'ன்னு மாதா மேல கை வைக்கச் சொன்னா. நானும் வச்சிட்டேன்.

— ஆயம்மா, உங்க சத்தியத்துக்காக இந்தப் பிள்ளை தாயை விட்டுட்டுப் போகணுமா? ரெண்டு மணி பத்து. எனக்குப் பேர் வேணும்.

— என் வாயால சொல்ல மாட்டேங்க. மொதப் பக்கத்துல டாக்டர் ஐயாவே எழுதியிருக்காரு. அன்னைக்குச் சத்தியம் பண்ணிட்டு வந்து, அதைச் சோத்துப் பசை போட்டு அட்டையோட ஒட்டிட்டேன். பிரிச்சுக்கங்க. கிழிஞ்சிராம.

— குடுங்க ஐயா, என் நகம் நீளம், நான் பிரிக்கிறேன். வருது... வந்துருச்சு.

— சத்தமா வாசி புள்ள, நான் அப்பிடியே எழுதிக்கிறேன்.

— 'பீலிக்கரை லயம். பெண் பிள்ளை, வயது நாலு. செவி நன்று, பேச்சில் தெளிவு இல்லை. தகப்பன் பெயர் வீரய்யா...' ஐயா, எங்க அப்பாவுக்கு நான் ஒத்தப் புள்ளைங்க.